அணைக்கரையில் இரண்டு இரவுகள்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார்கள். "தம்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு மீன் பிடித்தீர்களாமே. விசுவாசிகளுக்கு அது தகுமா?" என்று கேட்டார்கள். கேள்வியில் கோபம் இல்லை. உண்மையான விசாரம் இருந்தது. சினிமாவையும் திருவிழாவையும் பொருட்காட்சியையும் விட்டு வெளியே வந்த தலைமுறை அவர்களுடையது. விட்டு வந்தவற்றின் வரிசையில் பொழுதுபோக்கு என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. நின்ற இடத்தில் பதில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இந்த மாதப் பகுதியை அந்தத் தாயாருக்கென்றே எழுதுகிறேன், மற்றவர்களும் வாசிக்கலாம்.

மயூர் விஹாரில் குடியிருக்கிறவர்களுக்கு நதி என்றால் என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. யமுனை நமக்கு நடைதூரத்தில் ஓடுகிறது. ஆனால் வஜிராபாத்திலிருந்து ஓக்லா வரையுள்ள 22 கிலோமீட்டருக்குள் இந்தப் பட்டணம் அதை என்ன செய்துவிடுகிறது என்பதை, பாலத்தைக் கடக்கும்போது பேருந்தின் கண்ணாடியை மூடுகிற ஒவ்வொருவரும் அறிவார்கள். காலிந்தி குஞ்சில் நுரை மலைமலையாக மிதக்கிறதைப் பார்த்து, "அப்பா, அது பனிக்கட்டியா?" என்று என் மகள் கேட்டாள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், கோதையாற்றின் குறுக்கே 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். மண்புழுவைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக்கொண்டு என் தகப்பனார் பின்னால் நடந்தவன். என் பிள்ளைகளோ ஒரு நதிக்குள் கையை வைத்ததேயில்லை.

இதைவிட மனதை வருத்திய காரியம் வேறொன்று உண்டு. நொய்டாவில் இரவுப் பணி எனக்கு. நான் வீட்டிற்கு வரும்போது பிள்ளைகள் பள்ளி வாகனத்திற்காக வாசலில் நிற்பார்கள். அவர்கள் திரும்பி வரும்போது நான் உறங்குவேன். வாரத்தில் ஆறு நாள் எங்களுக்குள் நடக்கிற பேச்சு, சாப்பிட்டாயா, ஜெபித்தாயா என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு எழுதிய என் மகன் இரண்டுக்கும் "ம்" என்று பதில் சொல்லப் பழகியிருந்தான். வாசிக்கிறவர்களில் பலருக்கு இது புதிய கதை அல்ல. காவலாளியாகவும், மருத்துவமனைத் தாதியாகவும், கணினி நிறுவனத்திலும், மந்திரிகளின் அலுவலகத்திலும் உழைக்கிற நாம் பிள்ளைகளுக்காகவே ஊரை விட்டு வந்தோம். வந்த இடத்தில் பிள்ளைகளைத்தான் அரிதாகக் காண்கிறோம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து, ஏப்ரலில் புதிய வகுப்பு தொடங்குவதற்கு முன் சில நாட்கள் கிடைக்கும். எங்கள் குடும்பமும், சபையில் இன்னொரு குடும்பமுமாகச் சேர்ந்து, புதன்கிழமை இரவு ரயிலில் பதான்கோட் போவதென்றும், ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் திரும்பிவிடுவதென்றும் தீர்மானித்தோம். அந்த ஞாயிறு அப்பம் பிட்கும் ஆராதனை. அதைத் தவறவிடுவதில்லை என்று என் மனைவி முதலிலேயே நிபந்தனை போட்டுவிட்டாள்.

நாங்கள் போன இடம் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள போங் அணையின் நீர்த்தேக்கம். பியாஸ் நதி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்குகிற வாசலில் அணை நிற்கிறது. கி.மு. 326-ல் மகா அலெக்சாந்தரின் சேனை இதற்கு மேல் வரமாட்டோம் என்று திரும்பிப்போனது இந்த நதியின் கரையில்தான். 1961-ல் வேலை தொடங்கி 1974-ல் முடிந்த மண் அணை இது. உயரம் 133 மீட்டர். மழைக்காலத்தில் நிரம்பும்போது ஏறத்தாழ 240 சதுர கிலோமீட்டர் பரப்புக்குத் தண்ணீர் பரவிவிடுகிறது. நம் ஆண்டவர் நடந்த கலிலேயாக் கடலின் பரப்பு 166 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். அங்கே நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13 கிலோமீட்டர். கடல் என்று பெயர் இருந்தாலும் அது நன்னீர் ஏரிதான். பேதுருவும் அந்திரேயாவும் நன்னீர் மீனவர்கள். சுவிசேஷங்களை உப்புக்காற்று வீசுகிற முட்டம் கடற்கரையோடும் சின்னத்துறையோடும் சேர்த்தே கற்பனை செய்து பழகிய எனக்கு இதை மனதில் மாற்றிக்கொள்ள நாட்கள் ஆயின.

வியாழக்கிழமை மத்தியானம் நூர்பூர், ஜவாலி வழியாக நக்ரோட்டா சூரியான் பக்கம் போய்ச் சேர்ந்தோம். வடக்கே தௌலதார் மலைத்தொடர் முழுவதும் பனி. கீழே பச்சைக் கோதுமை. அதற்கும் கீழே, தண்ணீர் இறங்கிப்போன வெறும் சேற்றுத்தரை. அதற்கு அப்பால் ஏரி. மார்ச் மாதத்தில் தண்ணீர் குறைந்திருக்கும். கரையென்று நாம் நினைக்கிற இடத்திலிருந்து நீர் விளிம்பு வெகுதூரம் உள்ளே போயிருக்கும். நீர்த்தேக்கம் 1983 முதல் வனவிலங்குச் சரணாலயம்; 2002 முதல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம். ஆகையால் விரும்பின இடத்திலெல்லாம் கூடாரம் அடிக்க முடியாது. சரணாலய எல்லைக்கு வெளியே, ஒரு விவசாயியின் மேட்டு நிலத்தில், அவரிடம் கேட்டு, வாடகை பேசி இரண்டு கூடாரங்களை அடித்தோம்.

இனி நான் எழுதப்போவதை என் மகனுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அன்று மாலை நான்கு மணிக்குத் தூண்டில்களை எடுத்துக்கொண்டு நீர் விளிம்புக்கு இறங்கினோம். எங்களை ஏற்றிவந்த ஓட்டுநர் நல்ல மனிதர். "உரிமமெல்லாம் எதற்கு சாப்? ஒரு மணிநேரம் போட்டுப் பாருங்கள். யாரும் வந்து கேட்கப்போவதில்லை" என்றார். உரிமம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இமாசலத்தில் தூண்டில் போடுகிற எவரும் மீன்வளத் துறையிடம் சீட்டு வாங்கவேண்டும். வலைக்கு வேறு உரிமம், அது வெளியாருக்குக் கிடையாது. புறப்படுமுன்பே விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் அலுவலகம் அந்த நேரத்திற்கு மூடியிருக்கும். முன்னூறு மைலுக்கு மேல் வந்தாயிற்று, பிள்ளைகள் ஆசையாக நிற்கிறார்கள், ஏரி கண்ணாடிபோல் கிடக்கிறது. கோதுமை மாவு உருண்டையை முள்ளில் குத்தினேன்.

"அப்பா, சீட்டு?" என்றான் மகன்.

"நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஓய்வுநாள் பள்ளியில் அண்ணன் சொன்னார்கள். புதிய ஏற்பாட்டில் தூண்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறதாம். அதுவும் வரி கட்டுவதற்காகவாம்."

மத்தேயு 17-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆலய வரிப்பணம் தண்டுகிறவர்கள் வந்து கேட்கிறார்கள். கட்டவேண்டிய அவசியம் தமக்கு இல்லையென்று சொல்லிவிட்டும், அவர்களுக்கு இடறலாகாதபடிக்கு ஆண்டவர் பேதுருவைத் தூண்டிலோடு அனுப்புகிறார். முதலாவது அகப்படுகிற மீனின் வாயில் வெள்ளிக்காசு. மற்ற எல்லா இடத்திலும் வலைதான். இருபத்தைந்து வருஷமாக இந்தப் பகுதியை வாசிக்கிறேன். இரண்டு முறை பிரசங்கமும் செய்திருக்கிறேன். கையில் தூண்டிலும், சட்டைப்பையில் சீட்டில்லாமலும் நின்றபோது அதை எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு பதினான்கு வயதுப் பையன் வேண்டியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மற்றச் சகோதரருடைய குடும்பத்திற்கு முன்பாகச் சொல்லிவிட்டானே என்ற கோபம். தூண்டிலைச் சுருட்டினேன். ஒருவரும் பேசாமல் மேட்டுக்கு ஏறினோம். அன்றிரவு குடும்ப ஜெபத்தை நடத்த எனக்கு மனம் எழும்பவில்லை, மனைவிதான் நடத்தினாள். காற்று பலமாக வீசியது. பகலில் சூடாகிற சமவெளிக்கும் பனிமலைக்கும் நடுவில் கிடக்கிற ஏரி அது. மாலையில் கிளம்புகிற காற்று திடீரென்று அலையை எழுப்பிவிடுகிறது. கலிலேயாவிலும் அப்படித்தான், கடல்மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் அதிகமான பள்ளத்தில், மேடுகள் சூழக் கிடக்கிற அந்த ஏரியில் காற்று மேலிருந்து பாய்கிறது. கூடாரத் துணி படபடவென்று அடித்துக்கொள்ள, படகின் பின்புறத்தில் தலையணையில் நித்திரையாயிருந்தவரை எண்ணிக்கொண்டு நான் உறங்காமல் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மகனும் நானும் மட்டும் மீன்வளத் துறை அலுவலகத்திற்குப் போனோம். சீட்டுக் கொடுக்கவேண்டிய ஊழியர் ஏரிக்கரையிலுள்ள மீன் இறங்குதுறைக்குப் போயிருந்தார். வருவார், உட்காருங்கள் என்று தேநீர் கொடுத்தார்கள். மூன்று மணிநேரம் அந்தத் திண்ணையில் இருந்தோம். கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. இப்படி மூன்று மணிநேரம் என் மகனோடு வேறு வேலை இல்லாமல் நான் கடைசியாக உட்கார்ந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை.

"நேற்று நான் செய்தது தவறு. நீ சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் தவறு" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். அவன் நெடுநேரம் செருப்பின் வாரை அவிழ்ப்பதும் போடுவதுமாக இருந்தான். அப்புறம் சொன்னான். அரையாண்டுத் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் அவன் தேறவில்லை. மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்திருக்கிறான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அதைச் சுமந்துகொண்டு ஓய்வுநாள் பள்ளிக்கு வந்திருக்கிறான், மனப்பாட வசனம் சொல்லியிருக்கிறான், வாலிபர் கூட்டத்தில் பாடியிருக்கிறான்.

"ஏன் என்னிடம் காட்டவில்லை?"

"நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு நாள் எடுத்து வந்தேன். இரண்டு நாளும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்."

பிள்ளைகளை வளர்ப்பது பற்றி இந்தப் பகுதியில் பல வருஷமாக எழுதிவருகிறேன். அந்த இதழ்களில் ஒன்றையாவது அவன் வாசித்திருப்பானோ என்று அப்போது நினைத்தேன். வாசித்திருக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அடித்திருப்பாரா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. என் முறையும் அந்தத் திண்ணையில் முந்தின நாள் மாலையோடு வெளியே வந்துவிட்டது. கையை ஓங்க எனக்கு எந்த மேடையும் மிஞ்சவில்லை. திங்கட்கிழமை இருவருமாக வகுப்பு ஆசிரியரிடம் போவது என்று முடிவு செய்தோம். ஊழியர் வந்தார். பெயர் எழுதி, பணம் வாங்கி, இருவருக்கும் தனித்தனியே சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். வலை கூடாது, வெடியும் விஷமும் கூடாது, அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிடவேண்டும் என்று சொன்னார். வெடிவைத்தும் விஷம் கலந்தும் மீன் கொல்வது 1897-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இமாசல நீர்த்தேக்கங்களில் இப்போது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்டு நடுவரை மீன்பிடிப்பு முழுவதும் தடை. மழைநீரில் மீன்கள் முட்டையிடுகிற காலம் அது.

கரைக்குத் திரும்பியபோது, மீனவக் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு முதியவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் மகன் இந்தியில் அவரோடு பேச்சுக் கொடுத்தான். "பாபாஜி, உங்கள் ஊர் எது?" என்று கேட்டதற்கு அவர் கையை நீட்டி ஏரியின் நடுவைக் காட்டினார்.

அது வேடிக்கைப் பேச்சல்ல. இந்த நீர்த்தேக்கத்திற்காக முன்னூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் மூழ்கின. இருபதாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பயிர் செழித்த காங்ராப் பள்ளத்தாக்கில் நெல்லும் கோதுமையும் விளைவித்தவர்களுக்கு, இந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற ராஜஸ்தான் பாலைவனத்தின் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நிலம் தருவதாக ஒப்பந்தம். தகுதி பெற்றவர்கள் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். பலருக்கு நிலம் கிடைக்கவில்லை. கிடைத்த நிலத்தை வேறு ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். வெயிலும் மணலும் தாங்காமல் திரும்பி வந்தவர்களும் உண்டு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பும் வந்தது. அதற்குப் பிறகும் எல்லாருக்கும் நிலம் கிடைத்துவிடவில்லை. திரும்பி வந்தவர்களிலும், போகாமலே கரையில் தங்கினவர்களிலும் சிலர் வலையைக் கையில் எடுத்தார்கள். தங்கள் வயல்களின்மேல் படகு ஓட்டி, தங்கள் வீட்டுக் கூரைக்கு மேலாக வலை விரிக்கிற மீனவர்கள் இவர்கள்.

காங்ரா ரயில் பாதையும் தப்பவில்லை. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் போகிற சிறிய ரயிலுக்கு 1920-களில் போட்ட பாதையின் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட, மலை ஓரமாக வேறு பாதை போட்டார்கள். பிள்ளைகளுக்கு அந்த ரயிலைக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. 2022 ஆகஸ்டு வெள்ளத்தில் சக்கி ஆற்றுப் பாலம் இடிந்ததை நினைத்து வாகனத்திலேயே போனோம்.

தண்ணீர் குறையக் குறைய, பாத்து என்னும் இடத்திலுள்ள பழைய கற்கோவில்களின் கூட்டம் வெளியே தலைகாட்டும். கோடையில் நடந்தே போகலாம். மழைக்காலத்தில் உயர்ந்த தூணின் நுனிதான் தெரியும். அந்த முதியவர் அதைக் காட்டி, சிறுவயதில் அதன் நிழலில் மாடு மேய்த்ததாகச் சொன்னார். கலிலேயாவிலும் வறட்சிக் காலத்தில் தண்ணீர் பின்வாங்கியபோதுதான், 1986-ல், கினோசர் ஊரைச் சேர்ந்த மீனவச் சகோதரர் இருவர் சேற்றுக்குள் புதைந்திருந்த படகைக் கண்டெடுத்தார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். ஆண்டவருடைய நாட்களைச் சேர்ந்தது. ஏரிகள் எதையும் முழுவதும் விழுங்கிவிடுவதில்லை போலும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் இந்த ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து, இமயத்தைக் கடந்து வருகிற வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் கரையில் செத்து விழுந்தன. நோய் பரவாதபடிக்கு ஏரியைச் சுற்றிலும் ஆட்கள் நுழையத் தடை, மீன்பிடிப்பும் நின்றது. "அதற்கு முன் கொரோனா, அதற்குப் பின் வாத்து" என்றார். மற்றபடி முறையிடவில்லை. நாங்கள் போன நாட்களில் அந்த வாத்துகளின் கடைசிக் கூட்டங்கள் வடக்கே புறப்பட ஆயத்தமாக நின்றன. ஊர் எங்கே என்று அவர் எங்களையும் கேட்டார். மயூர் விஹார் என்றேன். "அது வீடு. ஊர்?" என்றார். பேச்சிப்பாறையைச் சொன்னேன். அங்கேயும் அணையா என்று கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

மீன் பற்றிச் சொல்லாமல் மீன்பிடித்த கதையை முடித்தால் வாலிபர்கள் மன்னிக்கமாட்டார்கள். மீனின் வாயைப் பார்த்தால் அது எந்த மட்டத்தில் மேய்கிறது என்று சொல்லிவிடலாம். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்தண்ணீரில் மேயும். மிர்காலின் வாய் கீழ்நோக்கியது, தரையில் மேயும். ரோகு இரண்டுக்கும் நடுவில். தக்கையை எவ்வளவு இறக்கிக் கட்டுவது என்பதை அந்த வாய்தான் தீர்மானிக்கிறது. இவை எல்லாம் கெண்டைக் குடும்பம். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் உண்டு. இந்த ஏரிக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த மீன் மகசீர். பொன்னிறச் செதில், முரட்டுப் பலம், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் விருப்பம். முட்டையிட ஆற்றில் மேல்நோக்கி ஏறவேண்டிய மீன். அணைகள் வழியை மறித்ததாலும், சிறியதிலேயே பிடிக்கப்பட்டதாலும் அருகி, அழிவை எதிர்நோக்கும் உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. அது அகப்பட்டால் முள்ளை மெதுவாக எடுத்துத் தண்ணீரில் விட்டுவிடுவதே வழக்கம்.

பேதுருவின் தூண்டிலில் அகப்பட்டது எந்த மீன்? கலிலேயாவுக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு 'பேதுருவின் மீன்' என்று பொரித்துக் கொடுப்பது, நம்மூரில் ஜிலேபி மீன் என்கிறோமே, அந்த இனம். ஆனால் அந்த ஏரிக்கரையில் மீனவராக வாழ்ந்து ஆராய்ச்சியும் செய்த மெண்டல் நூன் என்பவர், அது இரைத் தூண்டிலுக்கு வருகிற மீன் அல்லவென்றும், பேதுரு பிடித்தது கெண்டைக் குடும்பத்து மீனாகவே இருக்கவேண்டுமென்றும் எழுதியிருக்கிறார். எனக்கு அவர் சொல்வதே சரியென்று படுகிறது. அப்படியானால் காசை வைத்திருந்தது நம்முடைய ரோகுவுக்கும் மகசீருக்கும் உறவு. இதைச் சொன்னபோது என் மகளுக்கு எல்லா மீனின் வாயையும் திறந்து பார்க்கவேண்டும் என்ற வைராக்கியம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, சீட்டு சட்டைப்பையில் இருக்க, தூண்டில் போட்டோம். விடியற்காலையில் ஒன்றும் கடிக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தால் மீனும் சோம்பலாயிருக்கும். வெயில் ஏறட்டும் என்று முதியவர் சொன்னார். பத்து மணிக்கு மேல் என் தக்கை இரண்டு முறை அமிழ்ந்து, இரண்டு முறையும் மாவு மட்டும் போயிற்று. மகனுடைய தக்கை ஒரே இழுப்பில் மறைந்தது. தங்கூசி நரம்பு விரலை அறுக்க, நான் உதவப் போனதை வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவனே கரைக்குக் கொண்டுவந்தான். ஒன்றேகால் கிலோ அளவுக்கு ஒரு ரோகு. அதன்பின் ஒரு சாண் நீளத்திற்கு ஒரு மகசீர்க் குஞ்சு, அதை விட்டுவிட்டான். விடுமுன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். என் கணக்கில் கடைசிவரை ஒன்றுமில்லை.

கரி அடுப்பில் மீன் வெந்தது. ஊரிலிருந்து வந்த புளியும் வறுத்த மல்லித்தூளும் போட்டு என் மனைவி குழம்பு வைத்தாள், தேங்காய்க்கு வழியில்லை. முதியவரையும் அழைத்தோம். ஒரு வாய் உண்டுவிட்டு, மீனுக்குப் புளியா என்று முகத்தைச் சுளித்தார்; ஆனாலும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். ரோகுவின் முள் நம் கடல்மீன் முள்போல அல்ல, ஆங்கில எழுத்து 'ஒய்' மாதிரிப் பிளந்து சதைக்குள் மறைந்திருக்கும். நிதானமாகத்தான் தின்னமுடியும். உயிர்த்தெழுந்த பின்பு ஆண்டவர் சீஷர்களுக்குக் கரிநெருப்பில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாரே, யோவான் 21-ல். மறுதலித்துவிட்டு வந்த பேதுருவிடம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்ட பின்புதான் பேச்சு. அந்தப் பகுதியை மற்றச் சகோதரர் வாசித்தார். ஒலிபெருக்கி இல்லாமல், கைத்தாளம் மட்டும் போட்டு, நான்கு பாட்டுப் பாடினோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில காரியங்களைச் சொல்லவேண்டும். சேறு காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே கூழாக இருக்கும்; மற்றக் குடும்பத்துச் சிறுவன் முழங்கால்வரை இறங்கி, அந்த முதியவர் பலகை போட்டு எடுத்தார். பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்திற்கு அப்பால் விடாதிருங்கள். நீந்தத் தெரிந்தவரும் படகில் ஏறினால் மிதவைச் சட்டை அணியவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அணைக்கும் கீழே ஆற்றுப் படுகையில் இறங்காதிருங்கள். 2014 ஜூன் 8 அன்று இதே பியாஸ் நதியில், மேலே மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிட்ட தண்ணீரில் ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவ மாணவியர் 24 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். பாறையின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள். போங் அணையிலிருந்து 2023 ஆகஸ்டில் தண்ணீர் திறந்தபோதும் கீழ்ப்பகுதிக் கிராமத்தாரை ஹெலிகாப்டரில் மீட்கவேண்டியிருந்தது. மழைக்காலத்தில் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

தாயாருடைய கேள்விக்கு வருகிறேன். அப்போஸ்தலர்கள் ஊழியத்திலிருந்து திரும்பி வந்து, போஜனம்பண்ணவும் நேரமில்லாதிருந்தபோது, வனாந்தரமான இடத்திற்குப் போய்ச் சற்றே இளைப்பாறும்படி அழைத்தவர் ஆண்டவரே (மாற்கு 6). படகில்தான் போனார்கள். போன இடத்திலும் ஜனங்கள் வந்துவிட்டார்கள் என்பது வேறு காரியம். அம்மா, தகுமா தகாதா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. அந்தத் திண்ணையில் மூன்று மணிநேரம் எனக்கு வேண்டியிருந்தது. மயூர் விஹாரில் அது எனக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை ரயிலிலிருந்து இறங்கி, குளித்துவிட்டு நேரே ஆராதனைக்கு வந்தோம். அப்பத்தட்டு தன் வரிசைக்கு வந்தபோது என் மகன் எடுக்கவில்லை, பக்கத்தில் கொடுத்துவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போனோம். ஆசிரியை முதலில் கடிந்துகொண்டார்கள், பிறகு அட்டையை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்கள். அவன் போட்ட கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். ஆண்டுத் தேர்வில் அறிவியல் தேறியிருந்தான், கணக்கு மறுதேர்வு. இரவுப் பணிக்குப் புறப்படுமுன் அரைமணி நேரம் இருவரும் கணக்குப் போடுகிறோம். எனக்கும் பாதி மறந்துபோயிருக்கிறது.

காஜிப்பூர் மீன் சந்தைக்கு இப்போது அவனும் என்னோடு வருகிறான். ஆந்திராவிலிருந்து பனிக்கட்டியில் வந்த மீன்களின் வாயைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறான், கடைக்காரர் சிரிக்கிறார். அந்தச் சீட்டு அவனுடைய வேதாகமத்தில், மத்தேயு 17-ல் இருக்கிறது. அதன் நாள் முடிந்துபோயிற்று. தடைக்காலம் ஆகஸ்டு நடுவில் முடிகிறதல்லவா, அக்டோபரில் போகலாமா என்று கேட்கிறான். விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.